வெயில் இருக்கிற சுவர்: அக்டோபரில் டோலமைட்ஸ்

சனி, கோர்டினா தம்பெட்ஸோ

வடக்கு இத்தாலியின் டோலமைட்ஸ் மலைகளில் பாறை ஏற அக்காவோடு வந்திருக்கிறேன். வெனிஸ் விமான நிலையத்தில் வாடகைக் காரை எடுத்து வடக்கே திருப்பினால் இரண்டரை மணி நேரத்துக்குள் கோர்டினா வந்துவிடும். முதல் ஒரு மணி நேரம் சமவெளி, நெடுஞ்சாலை, லாரிகள், சொல்ல ஒன்றுமில்லை. பியாவே ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள் நுழைந்த பிறகுதான் மலை ஆரம்பம். லொங்காரோனே ஊரைக் கடக்கும்போது அக்கா வலப்பக்கம் கையைக் காட்டினார். குறுகலான ஒரு மலைப் பிளவு, அதை அடைத்துக்கொண்டு சாம்பல் நிறச் சுவர். வயோன்ட் அணை. 1963 அக்டோபர் 9 இரவு டோக் மலையின் ஒரு பக்கமே சரிந்து நீர்த்தேக்கத்துக்குள் விழுந்தது. எழும்பிய அலை அணைக்கு மேலாகத் தாண்டி வந்து கீழே இருந்த ஊரைத் துடைத்தெடுத்துவிட்டது. ஏறத்தாழ 2000 பேர் செத்தார்கள். அணை உடையவில்லை, இன்றும் அப்படியே நிற்கிறது. பாறையை நம்பி ஏற வருகிறவர்கள் போகிற வழியில் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டிய இடம்தான்.

கோர்டினா 1956-இல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர். இப்போது பாதி ஹோட்டல்களில் ஜன்னல் கதவுகள் சாத்தியிருக்கின்றன. கோடையில் நடக்க வந்த கூட்டம் போய்விட்டது, பனிச்சறுக்குக் கூட்டம் இன்னும் வரவில்லை. இந்த இடைவெளிதான் எங்களுக்கு வேண்டியது.

ஏன் அக்டோபர் என்று கேட்காதவர்கள் இல்லை. கோடையில் இங்கே மதியத்துக்கு மேல் இடியும் மின்னலும் வந்து நிற்கும். கூரான உச்சியில் இரும்புச் சாமான்களைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறவர்களுக்கு அது நல்லதல்ல. இலையுதிர்காலத்தில் அந்த இடி அநேகமாக ஓய்ந்துவிடும். பெயர்பெற்ற பாதைகளின் அடியில் வரிசை இருக்காது. அப்புறம் பாறை குளிர்ந்திருக்கும். குளிர்ந்த பாறையில் விரல் வியர்க்காது, ஷூவின் ரப்பரும் நன்றாகப் பிடிக்கும். ஜூலையில் வழுக்குகிற அதே பிடி இப்போது தாங்கும்.

இதற்கெல்லாம் விலை உண்டு. நாற்காலி லிஃப்டுகள் நின்றுவிட்டன, மலைக்குடில்கள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. சூரியன் காலை ஏழேகாலுக்கு மேல்தான் எழும். மாலை ஆறரைக்கெல்லாம் கதை முடிந்தது. ஜூன் மாதத்தில் நண்பகல் சூரியன் 67 டிகிரி உயரத்தில் நிற்கும் இடம் இது. இப்போது 40 டிகிரியைக்கூடத் தொடுவதில்லை. பக்கத்து மலையின் நிழலே ஒரு சுவரை நாள் முழுக்க மூடிவிடலாம். அதனால் அக்கா தயாரித்திருக்கும் தாளில் பாதைகளின் பெயர்களுக்குப் பக்கத்தில் கடினத்துக்கு முன்னால் இன்னொரு கட்டம் இருக்கிறது: வெயில் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை. தெற்கு பார்க்காத எதையும் சிவப்பு மையால் அடித்துவிட்டார்.

"வடக்குச் சுவர் ஒண்ணாவது பாக்கலாமேக்கா?"

"பாக்கலாமே. கீழ நின்னு நல்லா பாரு."

ஞாயிறு, சிங்க்வே டோர்ரி

ஐந்து கோபுரங்கள். பெயரே அதுதான். ஃபால்ஸாரேகோ கணவாய்க்குப் போகும் சாலையிலிருந்து பார்த்தால் புல்வெளி மேட்டின்மேல் யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன மாதிரி தனித்தனியாக நிற்கின்றன. எல்லாவற்றிலும் பெரியது டோர்ரே கிராண்டே, 2361 மீட்டர். லிஃப்ட் இல்லாததால் பாய் தெ தோனெஸ் வண்டி நிறுத்தத்திலிருந்து நடை. அறுபது மீட்டர்க் கயிறு ஆளுக்கு ஒன்று, இரும்புச் சாமான், தண்ணீர், தடித்த ஜாக்கெட் எல்லாம் சேர்ந்து முதுகை அழுத்த, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

வழியெல்லாம் லார்ச். ஊசியிலை மரமாக இருந்தும் இலையுதிர்க்கும் ஜாதி. இரண்டு வாரத்துக்கு மட்டும் மலைச்சரிவு முழுவதும் மஞ்சளாகி, பிறகு மொட்டையாகிவிடும். காற்றடித்தால் ஊசிகள் சட்டைக் காலருக்குள் எல்லாம் போகின்றன. கயிற்றுப் பையைத் திறந்தால் அதற்குள்ளும் இருக்கின்றன.

ஒன்பது மணிக்கு அடிவாரத்தில் இருந்தோம். ஏறவில்லை. வெயில் வரட்டும் என்று அக்கா உட்கார்ந்துவிட்டார். பாறை ஷூக்களை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, நிழலின் விளிம்பு சுவரில் இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குப் பொறுமை இல்லை. நிழலிலேயே கட்டையான ஒரு பாதையில் கையை வைத்துப் பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் விரல் நுனிகளில் உணர்ச்சி போய்விட்டது. பிடி ஆழமா மேலோட்டமா என்பது கண்ணுக்குத் தெரிகிறதே தவிர விரலுக்குத் தெரியவில்லை. இறங்கி வந்து கைகளைக் கழுத்தில் வைத்துக்கொண்டபோதுதான் வலி ஆரம்பித்தது. சுருங்கிக் கிடந்த நாளங்களில் ரத்தம் திரும்பப் பாயும்போது வரும் வலி அது. கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அது அடங்கிய பிறகு கைகள் சூடாகி, பெரும்பாலும் அன்று முழுக்கத் தாங்கும். அதனால் அதைக் காலையிலேயே வேண்டுமென்றே வரவழைத்து முடித்துவிடுகிறவர்களும் உண்டு. அக்காவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. "வெயில்ல உக்காந்தா வலியே இல்ல" என்கிறார். சரிதான்.

பத்தரைக்கு டோர்ரே இங்க்லேசே என்ற சின்னக் கோபுரத்தில் தொடங்கினோம். நான்காம் தரப் பாதை, சுகமான ஏற்றம். இங்கே கடினத்தை ரோமன் எண்களில் சொல்வார்கள். வெகுகாலம் ஆறுதான் உச்சம், மனிதரால் ஏற முடிந்ததின் எல்லை என்று வைத்திருந்தார்கள். ஏழு என்று ஒன்று உண்டென ஒப்புக்கொள்ள 1970-களின் இறுதி வரை ஆனது. பழைய பாதைகளில் நான்கு, ஐந்து என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு எளிதென்று நினைத்துவிடக்கூடாது. அந்த நான்கைக் கொடுத்தவர்கள் சணல் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஏறியவர்கள்.

டோலமைட் பாறையைப் பற்றி ஒரு வார்த்தை. 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் இது வெதுவெதுப்பான, ஆழமில்லாத கடலின் அடி. சாதாரணச் சுண்ணாம்புக்கல்லில் அமிலத்தைவிட்டால் நன்றாக நுரைக்கும், இதில் அவ்வளவாக நுரைக்காது. தேயோதா த தோலோமியு என்ற பிரெஞ்சு நிலவியலாளர் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கவனித்தது அதைத்தான். கல்லுக்கும் மலைக்கும் அவர் பெயரே நின்றுவிட்டது. காரணம் மக்னீசியம். ஏறுகிறவர்களுக்கு முக்கியம் வேறு: இந்தக் கல் சதுரம் சதுரமாக உடைகிறது. கைக்கு நல்ல விளிம்புகள் நிறையக் கிடைக்கும், ஆனால் அதில் ஒன்று கையோடு வந்துவிடவும் கூடும். இழுப்பதற்கு முன் உள்ளங்கையால் தட்டிப் பார்க்க வேண்டும். திடமான கல் சத்தம் கொடுக்காது. பின்னால் விரிசல் இருந்தால் 'டொக்' என்று வெற்றாகக் கேட்கும்.

மதியம் இறங்கி வந்து டோர்ரே ட்ரெஃபோர் இருந்த இடத்தைப் பார்த்தோம். 2004 கோடையில் அந்தத் தூண் முழுசாக விழுந்துவிட்டது. இப்போது கற்குவியல்தான். இந்தக் கோபுரங்கள் கெட்டியான டோலமைட், ஆனால் உட்கார்ந்திருப்பது களிமண் கலந்த மென்மையான அடுக்கின்மேல். அடி கொஞ்சம் கொஞ்சமாக இளகுகிறது, மேலே உள்ளவை சாய்கின்றன. கோபுரங்களுக்கு நடுவே நடந்தால் ஒன்றும் நேராக இல்லை என்பது தெரியும்.

திங்கள், வியா மிரியம்

இன்றைக்குப் பெரிய கோபுரம். டோர்ரே கிராண்டேயின் தெற்குச் சுவரில் வியா மிரியம் என்ற பாதை. மிரியம் ஓ'பிரையன் என்ற அமெரிக்கப் பெண் 1927-இல் கோர்டினாவின் டிமாய் குடும்பத்து வழிகாட்டிகளோடு திறந்தது. ஆண் துணையில்லாமல் பெண்களே கயிற்றை முன்னால் கொண்டுபோக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து ஆல்ப்ஸில் அதைச் செய்தும் காட்டியவர் அவர். அக்கா இந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம், வெளியே சொல்லமாட்டார்.

அடியில் ஜெர்மன் பேசும் ஜோடி ஒன்று எங்களுக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பாதையில் இத்தாலியர்கள். கயிற்றில் ஏறும்போது குரல் முக்கியம். மேலே போனவர் தன்னைப் பாறையில் கட்டிக்கொண்ட பிறகு சொல்லும் ஒரு வார்த்தையை நம்பித்தான் கீழே இருப்பவர் பிடித்திருக்கும் கயிற்றை விடுகிறார். பல ஜோடிகள் பக்கத்தில் பக்கத்தில் ஒரே மொழியில் கத்தினால் யார் யாரைச் சொல்கிறார்கள் என்று குழம்பும். அதில் விபத்துகள் நடந்திருக்கின்றன. எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. "கட்டியாச்சு!" என்று அக்கா கத்தினால் அந்த மலையில் எனக்கு மட்டும்தான் அர்த்தம். நான் "விட்டேன்!" என்பேன், கயிறு மேலே ஓடும், முழுசாக இறுகியதும் "வாம்மா!" ஒரே ஒரு சொல்லை மட்டும் அந்த ஊர்க்காரர்கள் மாதிரியே கத்துவோம்: "சாஸோ!" கல். அது கீழே இருக்கிற எல்லாருக்கும் புரிய வேண்டிய சொல்.

நூறு வருஷமாகப் போகிறது, எத்தனை பேர் ஏறியிருப்பார்கள்! முக்கியமான பிடிகள் எல்லாம் பழைய வீட்டு வாசற்படி மாதிரி வழுவழுத்துக் கிடக்கின்றன. கோடை வெயிலில் இதில் கால் வைத்து நிற்க முடியாது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்று நின்றது. ஓரிடத்தில் வலது கால் ஒரு மெருகேறிய குமிழின்மேல், இடது கைக்கு ஒரு விரல் அளவு பிளவு, அடுத்த பிடி கைக்கெட்டாத தூரம். காலை நம்பி எழும்ப வேண்டும், வேறு வழியில்லை. எழும்பும்போது ரப்பர் ஒரு மில்லிமீட்டர்கூட நகரவில்லை. அக்டோபரை நான் விரும்புவதற்குக் காரணம் கேட்டால் அந்தக் குமிழைத்தான் காட்டுவேன்.

நின்று கயிறு பிடிக்கும் இடங்களில் பாறையில் சிமென்டு வைத்துப் பதித்த தடித்த வளையங்கள். நடுநடுவே துருப்பிடித்த பழைய பிட்டன்கள், பிளவுக்குள் அடித்த இரும்பு ஆணிகள். பிட்டனை எப்போது அடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, எவ்வளவு தாங்கும் என்றும் தெரியாது. அதனால் அதில் காராபினரை, கயிற்றைக் கோக்கும் உலோகக் கொக்கியை, மாட்டிவிட்டு, பக்கத்திலேயே பிளவில் ஒரு கேமையும் வைத்துவிடுவது அக்காவின் பழக்கம். ஸ்ப்ரிங்கில் விரியும் அந்தச் சின்னக் கருவி இல்லாத காலத்தில் இங்கே ஏறியவர்களை நினைத்தால் எனக்குப் புரிவதில்லை.

உச்சியில் ஒரு மணி. கோடைக்கென்று ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்த கடிகாரம் இன்னும் மாறாததால் அது ஒன்று காட்டும்போதுதான் சூரியன் நேர் தெற்கே வருகிறது. எதிரே டோஃபானா டி ரோசெஸின் தெற்குச் சுவர், 3225 மீட்டர் மலையில் 800 மீட்டர் உயரத்துக்கு ஒரே பாறை. 1901-இல் அதை முதலில் ஏறிய குழுவில் இருந்தவர்கள் ஹங்கேரி இயற்பியலாளர் லோராண்ட் எட்வெஷின் மகள்கள் இருவர், இலோனாவும் ரோலாண்டாவும். கூடவே உள்ளூர் வழிகாட்டிகள். அக்கா அந்தச் சுவரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவ்வளவு நீளப் பாதைக்கு இப்போதைய பகல் போதாது. இரண்டு பேருக்கும் தெரியும் என்பதால் பேச்சை எடுக்கவில்லை.

கயிற்றில் தொங்கி இறங்குவதற்கு முன் இரண்டு முனைகளிலும் முடிச்சு. மலை ஏறுகிறவர்கள் இறக்கத்தில் சாவதற்கு முக்கியமான ஒரு காரணம் கயிறு முடிந்துபோவதைக் கவனிக்காமல் இறங்குவதுதான். முடிச்சு இருந்தால் கயிற்றில் மாட்டியிருக்கும் இறங்கு கருவி அங்கேயே நின்றுவிடும்.

செவ்வாய், மழை

ஊரில் மழை. 2300 மீட்டருக்கு மேல் பனி. வெனெட்டோ மாநில வானிலை அறிக்கை சொன்னது சொன்னபடி நடந்தது. கயிற்றை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தோம், கசுன்ஸியேய் சாப்பிட்டோம். பீட்ரூட் அடைத்து, உருக்கிய வெண்ணெயும் கசகசாவும் போட்ட பாஸ்தா. இரண்டாவது தட்டும் வாங்கினோம்.

புதன், லகட்சுவோய் சுரங்கம்

வானம் திறந்தாலும் பாறை ஈரம். ஃபால்ஸாரேகோ கணவாயிலிருந்து லகட்சுவோய் மலைக்குப் போகும் கேபிள் கார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மேலே ஏறி, முதல் உலகப் போரில் குடைந்த சுரங்கத்தின் வழியாக நடந்து இறங்கினோம்.

போரைப் பற்றிப் படித்திருந்தாலும் உள்ளே நடந்தால்தான் உறைக்கிறது. 1915-இல் இந்த மலையின் உச்சி ஆஸ்திரியர் கையில். அந்த அக்டோபரில் இத்தாலிய மேஜர் எட்டோரே மார்டினியின் வீரர்கள் சுவரின் பாதியில் இருக்கும் ஒரு விளிம்பைப் பிடித்தார்கள். அந்த விளிம்புக்கு இன்றும் மார்டினி பெயர்தான். ஆஸ்திரியர் மேலிருந்து பாறையைத் துளைத்து, வெடி வைத்து, விளிம்பையே பெயர்த்து விழவைக்கப் பார்த்தார்கள். இத்தாலியர் மலையின் உள்ளே படி வெட்டி மேல்நோக்கிக் குடைந்து போய் 1917 ஜூன் 20 அன்று தங்கள் வெடியை வெடித்தார்கள். இரண்டு வருஷம் மலைக்குள்ளேயே ஒருவரையொருவர் துளைத்துக்கொண்டிருந்தார்கள். கபொரெட்டோவில் இத்தாலி தோற்று, படை முழுவதும் பின்வாங்கியபோது இந்த விளிம்பையும் விட்டுவிட்டுப் போனார்கள். அந்த இரண்டு வருஷமும் போர்முனை இங்கே அநேகமாக நகரவே இல்லை என்பதைச் சுரங்கத்தின் ஈரப் படிகளில் முழங்கால் நோக இறங்கும்போது யோசித்துப் பாருங்கள்.

தலைவிளக்கும் ஹெல்மெட்டும் இல்லாமல் போகாதீர்கள். கூரை தாழ்வு. ஹெல்மெட் பாறையில் இடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பக்கவாட்டுத் துளைகள் வழியே வெளியே பார்த்தால் நம்முடைய ஞாயிற்றுக்கிழமைக் கோபுரங்கள் தெரிகின்றன. துப்பாக்கி வைத்துப் பார்த்த துளைகள். அந்தக் கோபுரங்களுக்கு நடுவிலும் பதுங்குகுழிகளைச் சீரமைத்துத் திறந்தவெளி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்.

கீழே வந்து அக்கா தொலைநோக்கியால் நாளைய பாதையைப் பார்த்தார். தெற்கு முகடு காய்ந்து வெளுத்திருந்தது. பிளவுகளில் மட்டும் கருப்புக் கோடுகள், ஈரம்.

வியாழன், சாஸ் டி ஸ்த்ரியா

கணவாய்க்கு எதிரே ஒற்றையாக நிற்கும் கூர்மலை, 2477 மீட்டர். தெற்கு முகடு நான்காம் தரத்தைச் சுற்றித்தான், ஆனால் முகடு என்பதால் காலையிலிருந்தே வெயில் படும். சாலையிலிருந்து அடிவாரம் பக்கம். குறுகிய பகலுக்கென்றே அளந்து வைத்த மாதிரி.

புறப்படும் முன் காரிலேயே பேசி முடித்தோம்: ஒரு மணிக்குள் முகட்டின் மேல் பாதியில் இல்லாவிட்டால் இறங்கிவிடுவது. இதைப் பாறையில் நின்று பேசக்கூடாது. அங்கே ஆசை பேசும்.

முதல் பிட்ச், அதாவது ஒரு கயிற்று நீளத்துக்குள் ஏறும் முதல் பகுதி, நான் முன்னால் போனேன். கைக்கு வெதுவெதுப்பான கல், முதுகுக்கு வெயில், கணவாய்ச் சாலையில் போகும் மோட்டார் பைக்கின் சத்தம் வரைக்கும் தெளிவாகக் கேட்கிற காற்று. ஆனால் முகட்டின் விளிம்பைத் தாண்டி இடப்பக்கம் கையை நீட்டினால் வேறு மாதம். நிழல், பிளவுக்குள் செவ்வாய்க்கிழமைப் பனி, கல்லின்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஐஸ் தகடு. ஒரே இடத்தில் நின்றுகொண்டு வலது கைக்கு செப்டம்பர், இடது கைக்கு டிசம்பர். பாதை இரண்டு மூன்று இடங்களில் அந்த நிழல் பக்கம் எட்டிப்பார்த்துவிட்டுத்தான் திரும்பும். அங்கெல்லாம் ஷூவின் அடியைப் பேன்ட்டில் துடைத்துவிட்டு, ஒவ்வொரு காலாகச் சோதித்துத்தான் மாற்றினேன்.

இந்தப் பாறையில் எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. தண்ணீர் அரித்து அரித்து, சில இடங்களில் பாறைக்குள் துளை விழுந்து, முன்னால் சின்னத் தூண் ஒன்று மட்டும் மிஞ்சி நிற்கும். இடுப்பு சிறுத்த அந்த வடிவத்தைப் பார்த்து மணற்கடிகை என்றுதான் ஏறுகிறவர்கள் கூப்பிடுகிறார்கள். அதன் பின்னால் ஸ்லிங் என்கிற நாடாவை நுழைத்து வளைத்துக் கட்டினால் பாதுகாப்பு தயார், இரும்பே வேண்டாம். கைவிரல் பருமன் இருந்தால் நம்பக்கூடாது. முன்கை பருமன் இருந்து, விரிசல் இல்லாமல், தட்டினால் சத்தமும் இல்லாமல் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். மூன்றாவது பிட்சில் அப்படி ஒன்று கிடைத்தது. அதில் ஏற்கெனவே யாரோ கட்டிவிட்டுப் போன நாடா, ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்கும். மேல் பக்கம் வெயிலில் வெளுத்து, விறைத்து, தொட்டால் காகிதம் மாதிரி சரசரத்தது. முடிச்சுக்குள் மறைந்திருந்த பகுதி மட்டும் இன்னும் சிவப்பு. புற ஊதாக் கதிர் நைலானைத் தின்றுவிடும். உயரம் கூடக் கூட வேகமாகத் தின்னும். அதைத் தொடாமல் எங்கள் ஸ்லிங்கைத் தனியாகப் போட்டேன்.

பன்னிரண்டேகாலுக்கு மேல் பாதியில் இருந்தோம். அக்கா கடைசி இரண்டு பிட்சையும் ஒரே மூச்சில் இழுத்துவிட்டார்.

உச்சியிலும் போர்தான். 1915 அக்டோபரில் மாரியோ ஃபுசெட்டி என்ற இளம் இத்தாலிய அதிகாரி சின்னப் படையோடு ஏறி இந்த உச்சியைப் பிடித்தார். ஆஸ்திரியர் திருப்பித் தாக்கியதில் இங்கேயே இறந்தார். இதே மாதம், இதே குளிர். நாங்கள் ஏறியது வெயிலுக்காகக் காத்திருந்து, அவர்கள் ஏறியது இருட்டுக்காகக் காத்திருந்து. இறங்கும் பாதை அந்தப் பதுங்குகுழிகளுக்குள்ளேயே வளைந்து போகிறது. நிழல் பக்கம் கணுக்கால் அளவு பனி. பாறை ஷூவைக் கழற்றிப் பூட்ஸ் மாட்டிக்கொண்டும் வழுக்கியது. ஏற்றத்தில் தேவைப்படாத கவனம் எல்லாம் இந்த நடையில்தான் செலவானது.

மாலையில் கோர்டினாவுக்கு மேலே பாறைகள் ஆரஞ்சு, ரோஜா, ஊதா என்று மாறின. இங்கே அதற்கு 'என்ரொசதீரா' என்று தனிப்பெயரே உண்டு. எல்லாரும் படம் எடுக்கிறார்கள், நானும் எடுத்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை.

வெள்ளி, ஃபால்ஸாரேகோ

கடைசியாக ஏற வாய்ப்பிருந்தது சின்ன ஃபால்ஸாரேகோ கோபுரத்தின் தெற்குப் பக்கம். அக்காவின் தாளில் இதற்கு நட்சத்திரம் போட்டிருந்தது. நேற்றைவிடக் கடினம், நேற்றைவிட நேரான சுவர்.

அடிவாரத்துக்குப் போகும் சரளைச் சரிவில் இருக்கும்போதே வெயில் சுவரின் மேல் விளிம்பைத் தொட்டது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மேலே எங்கேயோ 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு விசில் மாதிரி காற்றைக் கிழித்துக்கொண்டு கல். எங்களுக்கு நாற்பது அடி தள்ளி விழுந்து உடைந்தது. இரவில் பிளவுக்குள் இருக்கும் தண்ணீர் உறைகிறது. உறையும்போது ஏறத்தாழ ஒன்பது சதவீதம் பெருத்துக் கல்லை நெம்புகிறது. நெம்பிய கல்லை அந்த ஐஸே பிடித்தும் வைத்திருக்கிறது. காலையில் வெயில் பட்டு ஐஸ் இளகினால் பிடி விட்டுப்போகிறது. விரலுக்கு வேண்டிய வெயில்தான் கல்லையும் அவிழ்த்துவிடுகிறது. பனி பெய்து இரண்டு மூன்று இரவு உறைந்து இளகிய பிறகு இது உச்சத்தில் இருக்கும்.

துருத்திய பாறை ஒன்றின் அடியில் ஒதுங்கி முக்கால் மணி நேரம் எண்ணிக்கொண்டு இருந்தோம். கல் விழுவது நின்றது. ஏறத் தொடங்கினோம்.

முதல் பிட்ச் நன்றாகவே போனது. இரண்டாவதில் அக்கா முன்னால். பாதை ஒரு மூலைப் பிளவுக்குள் போகிறது. மேலே விளிம்பில் கிடந்த பனி பகலில் உருகி அந்தப் பிளவு வழியாக இறங்கி, இரவில் மறுபடி உறைந்திருக்கிறது. கீழேயிருந்து பார்த்தால் வெறும் பளபளப்பு. அக்கா கேமை உள்ளே வைத்து இழுத்துப் பார்த்தார். சறுக்கிக்கொண்டு கையோடு வந்தது. இன்னொரு அளவு. அதுவும் வந்தது. ஐஸ் பூசிய பிளவில் கேம் பிடிக்காது. அதன் வேலையே உராய்வை நம்பித்தான்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மேலிருந்து, "கயிற இறுக்கு, இறங்குறேன்."

"ரெண்டு மணிக்கு மேல இளகிடும்லக்கா?"

"இளகும். இளகுனா மேலேருந்து என்ன வரும்?"

பதில் சொல்லத் தேவையில்லை. மேடைக்கு இறங்கி வந்தார். முதல் பிட்சின் தலையில் முன்கை பருமனான மணற்கடிகை ஒன்று, அதில் வெளுத்த நாடாக்கள் நாலைந்து. எல்லாம் சேர்ந்தால் தாங்கும் என்று கணக்குப் போடுகிறவர்களும் உண்டு. அக்கா பையிலிருந்து ஏழு மில்லிமீட்டர்க் கயிற்றில் ஒரு துண்டு வெட்டி, தூணைச் சுற்றிக் கட்டி, முடிச்சை மூன்று முறை இழுத்து இறுக்கினார். காராபினர் ஒன்றையும் அங்கேயே விட்டோம். முதலில் இறங்குகிறவருக்கு மட்டும் பழைய நாடாக்களோடு ஒரு தளர்ந்த இணைப்பு, புதுக் கயிறு ஏமாற்றினால் பிடிக்க. கனமானவர் முதலில் இறங்கிச் சோதித்தால் லேசானவர் அந்த இணைப்பை அவிழ்த்துவிட்டு இறங்கலாம். அதாவது நான் முதலில். எடையைப் பற்றி அக்கா ஒன்றும் சொல்லவில்லை, சிரிப்பை மட்டும் அடக்கிக்கொண்டார்.

பதினொன்றரைக்குக் காரில் இருந்தோம். வெயிலில் பானட்டின்மேல் கயிற்றைப் பரப்பிக் காயவைத்தோம். அங்கேயே உட்கார்ந்திருந்தபோது மூலைப் பிளவு இருந்த பக்கத்திலிருந்து கற்கள் இரண்டு தடவை இறங்கின. அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காராபினரை விட்டுவந்ததுதான் எனக்கு உறுத்தியது, நல்ல காராபினர் அது. நீங்கள் அந்தப் பக்கம் ஏறினால் அது உங்களுக்கே. கயிற்றுத் துண்டை மட்டும் நம்பாதீர்கள், அடுத்த கோடைக்குள் அதுவும் வெளுத்திருக்கும்.

இரவு மூட்டை கட்டும்போது அக்கா தாளைத் திருப்பிப் பின்பக்கம் எழுத ஆரம்பித்தார். டோஃபானா தெற்குச் சுவர், ஜூலை, விடியற்காலை நாலு மணி. ஜூலையில் மதியமானால் இடி, பாதைக்குப் பாதை வரிசை, விரல் வியர்வை என்று நான் ஒவ்வொன்றாக அடுக்கினேன். "பகல் பதினஞ்சு மணி நேரம்" என்றார் அவர். அதற்கு என்னிடம் பதில் இல்லை. செப்டம்பர் முதல் வாரம் என்று நான் இறங்கி வந்திருக்கிறேன், அவர் இன்னும் இறங்கவில்லை. நாளைக் காலை வெனிஸ் போகிற வரைக்கும் காரில் நேரம் இருக்கிறது.